தாம்பரத்து வினாவும் மூன்று மோதிரங்களும்: ஐரோப்பிய இலக்கியத்தில் காதலும் இறைநம்பிக்கையும்

1938ஆம் ஆண்டு டிசம்பர் 12 முதல் 29 வரை, தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு நடைபெற்றது. சீனாவின் ஹாங்சோ நகரில் கூடுவதாக இருந்த மாநாடு அது. ஜப்பானியப் படையெடுப்பு அதனைத் தாம்பரத்திற்குத் திருப்பிவிட்டது. பாரிமுனையில் நூறாண்டு இயங்கிய கல்லூரி, சேலையூர்க் காட்டுப் பகுதியின் புதிய வளாகத்திற்கு இடம் பெயர்ந்து அப்போது இரண்டாண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. ஜான் மாட் தலைமையில், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 470 பிரதிநிதிகள் அங்குக் கூடினர். அவர்கள் முன்னிருந்த வினா ஒன்றுதான்: திருச்சபைக்கு வெளியே நிற்பவனின் இறைநம்பிக்கையை இறைநம்பிக்கை என்றே ஏற்க இயலுமா?

மாநாட்டிற்கென்றே எழுதப்பட்ட நூலில் இதற்கு விடை கூறியவர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர். 'கிறித்தவமல்லாத உலகில் கிறித்தவச் செய்தி' என்பது அந்நூலின் பெயர். கிறித்துவில் நிகழ்ந்த இறைவெளிப்பாட்டிற்கும் மனிதர் கட்டியெழுப்பிய சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி எதுவுமில்லை என்பது அவர் நிலைப்பாடு. இஸ்லாத்தைப் பற்றி அவர் கூறியது நமக்குக் கசப்பானது. உள்ளடக்கத்தில் ஆழமற்ற சமயம் என்று அதனை மதிப்பிட்டார். பின்னர், அத்தகைய சமயம் தன் மக்களை இத்துணை இறுகப் பற்றியிருப்பது எவ்வாறு என்பது புதிராக இருக்கிறது என்றும் எழுதினார். இவர் இஸ்லாத்தை அறியாதவர் அல்லர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்னூக் ஹுர்ஹ்ரோன்யேயிடம் பயின்று, ஜாவா முஸ்லிம்களின் ஆன்மிக ஏடொன்றை ஆராய்ந்து 1921இல் முனைவர் பட்டம் பெற்றவர்.

அவருக்கு மறுப்புரைத்தவர்களுள் முதன்மையானவர் அக்கல்லூரியிலேயே முதல்வராகப் பணியாற்றிய ஏ. ஜி. ஹாக். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர் 1903இல் சென்னைக்கு வந்தவர். டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஆசிரியர். சமயங்கள் வேறு, அச்சமயங்களுக்குள் வாழும் மனிதனின் இறைநம்பிக்கை வேறு என்று ஹாக் பிரித்துக் காட்டினார். பிற சமயத்தவனிடத்தில் இறைவனோடு மெய்யாகவே ஒன்றிய வாழ்வைக் காணும்போது, அதனை மரியாதையோடு எதிர்கொள்ளக் கிறித்தவன் கடமைப்பட்டவன் என்றார். இவ்விருவரின் நிலைகளுக்கு இடையில், ஜே. என். ஃபர்குஹார் 1913இல் வெளியிட்ட நூலால் பரவிய மூன்றாவது நிலையும் இருந்தது. பிற சமயங்களின் ஏக்கங்கள் யாவும் கிறித்துவில் நிறைவேறுகின்றன என்பது அதன் சாரம். அயலான் தன்னை அறியாமலேயே பாதி நம்மவன் என்பதே அதன் உட்பொருள்.

இம்மூன்று விடைகளும் இறையியலாளர்கள் கண்டுபிடித்தவை அல்ல. ஐரோப்பிய இலக்கியம் அவற்றைக் காதல் கதைகளின் வடிவில் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது. அக்கதைகளில் அயலாராக வருபவர் பெரும்பாலும் முஸ்லிம்களே. ஆகவே அவற்றைப் படிப்பது நமக்கு வெறும் இலக்கிய நுகர்ச்சி அன்று. நம்மை நேசிப்பதற்கு ஐரோப்பா விதித்த நிபந்தனைகளையும் அதன் வழியே நாம் அறிகிறோம்.

நீரும் வாளும்

தாஸ்ஸோவின் 'விடுதலை பெற்ற ஜெருசலேம்' 1581இல் வெளிவந்த இத்தாலியக் காவியம். முதல் சிலுவைப் போரே அதன் களம். கிறித்தவ வீரன் தான்கிரேதி, எதிரணியின் முஸ்லிம் வீராங்கனை குளோரிந்தாவைக் காதலிக்கிறான். ஓர் இரவில், கவசத்துக்குள் இருப்பது யாரென்று அறியாமல் அவளோடு பொருது, அவளைக் கொல்கிறான். உயிர் பிரியும் தறுவாயில் அவள் ஞானஸ்நானம் கேட்கிறாள். அருகிருந்த ஓடையில் தன் தலைக்கவசத்தில் நீர் முகந்து வந்து, அவள் முகத்தைத் திறக்கும்போதுதான் தான் கொன்றது யாரை என்று அவன் அறிகிறான்.

காவிய நயத்தில் இக்காட்சிக்கு இணையானவை அரியவை. ஆயினும் அதன் தருக்கத்தைப் பார்க்க வேண்டும். காதலன் காதலியின் முகத்தைக் காண்பதும், அவள் கிறித்தவளாவதும், அவள் இறப்பதும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. முஸ்லிமாக இருந்த குளோரிந்தாவோடு அவன் வாழும் ஒரு நாளைக் கவிஞரால் கற்பனை செய்ய இயலவில்லை. கிரேமரின் இறையியலுக்கு இலக்கிய உருவம் வேண்டுமாயின் இக்காட்சியே போதும். அதில் தொடர்ச்சி இல்லை, முறிவு மட்டுமே உண்டு. பழைய வாழ்வு அழிந்த இடத்தில்தான் அருள் இறங்குகிறது.

செர்வாண்டிஸ் சற்று வேறானவர். 1575 முதல் 1580 வரை அல்ஜியர்ஸில் சிறைக்கைதியாக இருந்தவர் அவர். 1605இல் வெளிவந்த 'டான் குவிக்ஸோட்' முதற் பாகத்தில், தப்பி வந்த கைதி ஒருவன் தன் கதையைக் கூறுகிறான். அல்ஜியர்ஸின் செல்வந்தர் ஹாஜி முராதின் மகள் ஸொரைதா, தன்னை வளர்த்த கிறித்தவ அடிமைப் பெண்ணிடம் அன்னை மர்யமைப் பற்றிக் கேட்டு மனம் மாறியவள். கைதியை மீட்டு அவனோடு ஸ்பெயினுக்குப் புறப்படுகிறாள். கதையின் போக்கு வழக்கமானதுதான். ஆனால் செர்வாண்டிஸ் ஒரு காரியம் செய்கிறார். கரையில் தனியாக விடப்பட்ட தந்தையின் ஓலத்தை அவர் வாசகனிடமிருந்து மறைக்கவில்லை. முதலில் சபிக்கும் அந்த முதியவர், படகு விலக விலக, மகளைத் திரும்பி வருமாறு மன்றாடுகிறார், அனைத்தையும் மன்னித்துவிட்டதாகக் கதறுகிறார். மனமாற்றத்தின் வெற்றிக் கதைக்குள், அதற்கு விலை கொடுத்தவரின் குரலும் பதிவாகியிருக்கிறது. அடிமைத்தளை செர்வாண்டிஸுக்குக் கற்பித்த நீதியாக இதனைக் கொள்ளலாம்.

பிறப்பின் இரகசியம்

மற்றோர் உத்தி, அயலார் உண்மையில் அயலார் அல்லர் என்று காட்டுவது. தாஸ்ஸோவே இதனையும் கையாள்கிறார். குளோரிந்தா எத்தியோப்பியக் கிறித்தவ அரசியின் மகள் என்பது அவள் இறப்பதற்குச் சற்று முன்பு தெரிய வருகிறது. வால்டேர் 1732இல் மேடையேற்றிய 'ஸயீர்' நாடகம் இவ்வுத்தியை விமர்சன நோக்கில் பயன்படுத்துகிறது. ஜெருசலேமின் சுல்தான் ஒரோஸ்மானும், அவன் அரண்மனையில் சிறுவயது முதல் வளர்ந்த ஸயீரும் ஒருவரையொருவர் நேசிக்கின்றனர். வேறொரு மண்ணில் வளர்ந்திருந்தால் தன் சமயமும் வேறாக இருந்திருக்கும் என்று நாடகத்தின் தொடக்கத்திலேயே அவள் எண்ணுகிறாள். திருமண நாளன்று அவள் ஒரு கிறித்தவ அரச குலத்தின் மகள் என்பது வெளிப்படுகிறது. தந்தையும் தமையனும் அவளைத் தம் சமயத்திற்கு அழைக்கின்றனர். தமையனோடு அவள் கொண்ட இரகசியத் தொடர்பைக் கள்ளக் காதலென்று தவறாக எண்ணிய சுல்தான் அவளைக் கொன்று, உண்மை அறிந்து தானும் மாய்கிறான். இரத்தத்தின் உரிமை காதலின் உரிமையைக் கொன்றுவிடுகிறது.

பிறப்பின் இரகசியம் என்னும் இக்கதை உத்தியும் ஃபர்குஹாரின் நிறைவுக் கோட்பாடும் அடிப்படையில் ஒன்றே. நான் உன்னை நேசிக்கலாம், ஏனெனில் நீ உள்ளூர என் இனத்தவள் என்கிறது கதை. நான் உன் சமயத்தை மதிக்கலாம், ஏனெனில் அது உள்ளூர என் சமயத்தை நோக்கிய ஏக்கம் என்கிறது கோட்பாடு. இரண்டிலும் கனிவு உண்டு. ஆனால் அக்கனிவு சென்று சேர்வது அயலாரை அன்று, அயலாரிடத்தில் காணும் தன் சாயலையே.

ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் இச்சிக்கல் தீர்ந்துவிடுமா? இல்லை என்பதற்கு 'ஒத்தெல்லோ' சான்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் முதல்வராயிருந்த வில்லியம் மில்லர், இந்திய மாணவர்களுக்கென ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பற்றி எழுதிய நூல்களுள் ஒத்தெல்லோவைப் பற்றியதும் ஒன்று. ஒழுக்கத்தின் சரிவு என்பதை அதன் தலைப்பிலேயே வைத்தார். தனிமனிதனின் ஒழுக்கக் குலைவாகவே அந்நாடகத்தைக் காண்பது அக்காலத்துக் கல்வியின் பார்வை. நாம் இன்று மற்றொன்றையும் காண்கிறோம். ஒத்தெல்லோ கிறித்தவனாகிவிட்ட மூர். வெனிஸின் படைத்தலைவன். அவ்வரசுக்காகத் துருக்கியரோடு பொருதவன். ஆயினும் டெஸ்டிமோனாவின் தந்தைக்கு அவன் மாந்திரீகத்தால் தன் மகளைக் கவர்ந்த அந்நியன். அவளுக்காக அவன் ஞானஸ்நானத்தையும் துறப்பான் என்று இயாகோ எளிதில் சொல்ல முடிகிறது. இறுதியில் அவன் தன்னைக் குத்திக்கொள்ளும்போது, முன்பொரு நாள் வெனிஸ்காரனை அடித்த துருக்கியனைத் தான் குத்திய நிகழ்ச்சியைச் சொல்லிக்கொண்டே குத்திக்கொள்கிறான். தனக்குள் இன்னும் உயிரோடிருப்பதாக ஊரார் நம்பிய அந்த முஸ்லிமைத் தானே கொன்று முடிக்கிறான். சமயம் மாறியவனை ஏற்க மறுக்கும் சமூகத்தில், மாற்றம் என்பது முடிவில்லாத விசாரணையாகிவிடுகிறது.

நாதான் என்னும் தந்தை

இத்தருக்கத்திலிருந்து வெளியேற முயன்ற படைப்பு லெஸ்ஸிங்கின் 'ஞானி நாதான்'. ஹாம்பர்க் பாதிரியார் கோட்சேயோடு நடத்திய சமய விவாதத்தில் மேற்கொண்டு எழுதலாகாது என்று 1778இல் லெஸ்ஸிங் தடை செய்யப்பட்டார். ஆகவே அவர் மேடையை நாடினார். 1779இல் நாடகம் வெளிவந்தது. களம் மீண்டும் ஜெருசலேம், காலம் ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலம். தாந்தே தம் காவியத்தில் நரகின் வாயிலில், துன்புறுத்தப்படாத மேன்மக்களின் இடத்தில், இப்னு ஸீனாவையும் இப்னு ருஷ்தையும் வைத்ததோடு ஸலாஹுத்தீனுக்கும் ஓரிடம் தந்திருந்தார். லெஸ்ஸிங் அவரை விசாரிப்பவராகக் கொண்டு வருகிறார். மூன்று சமயங்களுள் எது மெய் என்று யூத வணிகர் நாதானிடம் சுல்தான் கேட்க, நாதான் மூன்று மோதிரங்களின் கதையைக் கூறுகிறார்.

கதை பழையது. பொக்காச்சியோவின் 'தெக்காமெரோன்' தொகுப்பில் முதல் நாளின் மூன்றாம் கதையாக அது இருக்கிறது. தந்தை ஒருவரிடம் பரம்பரை மோதிரம் ஒன்று. மூன்று மக்களையும் ஒன்றுபோல் நேசித்த அவர், அதைப்போன்றே இரண்டு செய்வித்து மூவருக்கும் தந்துவிட்டு இறக்கிறார். எது அசல் என்பது தெரியவில்லை. லெஸ்ஸிங் இதில் இரண்டைச் சேர்த்தார். நம்பி அணிபவனை இறைவனும் மனிதரும் நேசிக்கும்படிச் செய்யும் ஆற்றல் மோதிரத்திற்கு உண்டு என்பது ஒன்று. நீதிபதி மற்றொன்று. உங்களுள் மற்ற இருவராலும் மிக நேசிக்கப்படுபவன் யார் என்று நீதிபதி கேட்கிறார். மூவரும் வாயடைத்து நிற்கின்றனர். அப்படியாயின் ஒருவேளை மூன்றுமே போலியாக இருக்கக்கூடும் என்கிறார் அவர். பின்னர், தன் மோதிரமே அசல் என்று ஒவ்வொருவனும் நம்பி, நற்செயலாலும் இறைவனுக்குப் பணிதலாலும் அதன் ஆற்றலை வெளிப்படுத்தட்டும் என்றும், தீர்ப்பைத் தம்மினும் அறிவு மிக்க நீதிபதி நெடுங்காலத்திற்குப் பின் வழங்குவார் என்றும் கூறி அனுப்புகிறார்.

அல்மாயிதா அத்தியாயத்தின் 48ஆம் வசனத்தை ஓதியிருப்பவர்க்கு இத்தீர்ப்பு புதிதன்று. அல்லாஹ் நாடியிருந்தால் மனிதர் அனைவரையும் ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான் என்றும், நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறும், கருத்து வேறுபாடுகளின் உண்மையை அவனிடம் மீளும்போது அவன் அறிவிப்பான் என்றும் அவ்வசனம் உணர்த்துகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அசல் எதுவென்று அறியவே இயலாது என்ற லெஸ்ஸிங்கின் ஐயத்தை முஸ்லிம் ஏற்க மாட்டான். அவனுக்குச் சத்தியம் தெளிவானது. பிறரது உள்ளத்தின் மீது தீர்ப்பளிக்கும் உரிமைதான் தனக்கில்லை என்று அவன் அறிவான். உறுதியான ஈமானும் பிறர் மீது தீர்ப்பை ஒத்திவைத்தலும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஹாக்கும் கிறித்துவின் தனித்தன்மையில் ஐயம் கொண்டவர் அல்லர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

மோதிரக் கதையை எல்லாரும் போற்றுவர். நாடகத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. நாதானின் மகள் ரெக்காவை ஓர் இளம் சிலுவை வீரன் நெருப்பிலிருந்து காப்பாற்றிக் காதலிக்கிறான். பிறப்பின் இரகசியம் இங்கும் உண்டு. ரெக்கா நாதான் பெற்ற மகள் அல்லள். அவளும் அவ்வீரனும் உடன்பிறந்தோர். இருவரும் ஸலாஹுத்தீனின் தம்பி மக்கள். முடிவில் அனைவரும் தழுவிக்கொள்கின்றனர். சமயம் கடந்த காதலுக்கு அறிவொளிக் காலத்தின் தலைசிறந்த நாடகமும் திருமணத்தை வழங்கவில்லை, அதனை உடன்பிறப்பு அன்பாக மாற்றிவிடுகிறது. இது லெஸ்ஸிங்கின் தோல்வி என்றே கருதுகிறேன். நாடகத்தின் இறுதியில் இரத்த உறவற்றவராக எஞ்சுபவர் நாதான்.

ஆனால் அத்தோல்விக்குள்தான் நாடகத்தின் பெரும் வெற்றியும் இருக்கிறது. காத் என்னும் ஊரில் கிறித்தவர்கள் நாதானின் மனைவியையும் ஏழு ஆண்மக்களையும் எரித்துக் கொன்றனர். மூன்று நாள் சாம்பலில் கிடந்து இறைவனோடு வழக்காடிய அவரிடம், தாயற்ற கிறித்தவக் குழந்தை ஒன்று கொண்டுவந்து தரப்பட்டது. ஏழுக்குப் பதிலாக ஒன்று கிடைத்தது என்று இறைவனுக்கு நன்றி கூறி அவர் அதனை ஏற்றார். கிறித்தவப் பிள்ளையை யூதன் வளர்த்தான் என்று அறிந்தால் எரிக்கத் துணியும் தலைமைக் குருவும் அந்நாடகத்தில் உண்டு. பிறப்பால் தன்னுடையது அல்லாத, பகைவரின் சமயத்தில் பிறந்த உயிரை, நிபந்தனை எதுவும் விதிக்காமல் நேசித்த ஒரே மனிதர் நாதான். மோதிரத்தின் ஆற்றல் யாரிடம் வெளிப்பட்டது என்னும் நீதிபதியின் வினாவிற்கு நாடகத்தின் விடை அவரே.

தாம்பரம் மாநாடு கூடிய டிசம்பருக்கு முந்திய மாதத்தில்தான், 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு, ஜெர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. அங்குப் பொது மேடைகளில் நாதானுக்கு அப்போது இடமில்லை. 1945 செப்டம்பரில் பெர்லினின் ஜெர்மன் நாடக அரங்கு மீண்டும் திறக்கப்பட்டபோது முதலில் நடிக்கப்பட்டது அந்நாடகமே. அயலானின் ஈமானை எவ்வாறு மதிப்பது என்பது ஓய்வு நேர விவாதமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் பக்கத்துக் கதைகள்

இக்குறையை ஐரோப்பாவின் மீது மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. தமிழில் நம் முன்னோர் பாடிய கிஸ்ஸாக்களிலும் படைப்போர்களிலும், களத்தில் தோற்ற எதிரி அரசனின் மகள் கலிமா மொழிந்து வீரனை மணக்கும் கதைப்போக்கைக் காணலாம். குளோரிந்தாவும் ஸொரைதாவும் அங்கே திசை மாறி வருகின்றனர், அவ்வளவே. கரையில் நின்று கதறும் தந்தையின் குரலை நாம் எத்தனை இடங்களில் பதிந்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நன்று.

கதைகள் இவ்வாறிருக்க, நம் வரலாறு இதனினும் உயர்ந்த முன்மாதிரியைத் தந்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மூத்த மகள் ஸைனப் (ரலி) அவர்களின் கணவர் அபுல் ஆஸ், மனைவி இஸ்லாத்தை ஏற்ற பின்னரும் பழைய சமயத்திலேயே இருந்தார். பத்ருப் போரில் சிறைப்பட்டார். அவரை மீட்க ஸைனப் அனுப்பியது, அன்னை கதீஜா (ரலி) தம் திருமணத்தின்போது தந்த கழுத்துமாலை. அதனைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த நபியவர்கள், தோழர்களின் இசைவைக் கேட்டு மாலையைத் திருப்பித் தந்து கைதியை விடுவித்தார்கள். ஸைனப் மதீனாவுக்கு வந்தார். ஆண்டுகள் கழிந்தன. வணிகக் குழுவின் பொருள்கள் பறிபோன நிலையில் இரவில் மதீனாவுக்கு வந்த அபுல் ஆஸ், ஸைனபிடம் அடைக்கலம் கேட்டார். ஃபஜ்ர் தொழுகையின்போது ஸைனப் அதனை வெளிப்படையாக அறிவிக்க, நபியவர்கள் ஏற்றார்கள். பொருள்களும் திருப்பித் தரப்பட்டன.

காதலும் ஈமானும் ஒன்று சேர அதுவே தக்க தருணம் என்று எந்தக் கதாசிரியனும் எண்ணியிருப்பான். அபுல் ஆஸ் அப்போது கலிமா மொழியவில்லை. மக்காவுக்குத் திரும்பினார். ஒவ்வொருவருடைய அமானிதத்தையும் ஒப்படைத்தார். பாக்கி எதுவுமில்லை என்று அவர்களைச் சொல்லவைத்த பின்னரே, அவர்கள் நடுவே தம் ஈமானை அறிவித்தார். பிறர் பொருளை உண்ணும் பொருட்டே இஸ்லாத்தைத் தழுவினான் என்று நீங்கள் எண்ணக்கூடாதே என்றுதான் மதீனாவில் அறிவிக்கவில்லை என்றார். பின்னர் மதீனா சென்று மனைவியோடு இணைந்தார். அது பழைய நிகாஹினாலா புதிய நிகாஹினாலா என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. முஸ்லிமுக்கும் இணைவைப்போருக்கும் இடையிலான மணத்தைப் பற்றிய ஷரீஅத் சட்டம் அதன் இடத்தில் நிற்கிறது, அதனை இங்கு விவாதிக்கவில்லை. நான் சுட்டுவது வேறு. இவ்வரலாற்றில் காதல் ஈமானுக்குத் தூண்டிலாகவில்லை. ஈமான் காதலுக்கு விலையாகவும் இல்லை. பிரிந்திருந்த ஆண்டுகளில் ஸைனபின் அன்பு, அபுல் ஆஸ் முஸ்லிமாவார் என்னும் உறுதிமொழியை எதிர்பார்த்து நின்றதாக எந்த அறிவிப்பும் கூறவில்லை.

அல்கஸஸ் அத்தியாயத்தின் 56ஆம் வசனம் இதனினும் ஆழமானது. நீர் நேசிப்பவரை உம்மால் நேர்வழியில் செலுத்த இயலாது, அல்லாஹ்வே தான் நாடியவரை நேர்வழியில் செலுத்துகிறான் என்பது அதன் கருத்து. அபூதாலிபின் மரணத்தையொட்டி அது இறங்கியதாக ஸுன்னத் ஜமாஅத் விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் கூறுவர். இவ்வசனம் அந்த நேசத்தைக் கண்டிக்கவில்லை, அதன் ஆற்றலுக்கு எல்லை வகுக்கிறது. நேசம் மனிதனுடையது, ஹிதாயத் அல்லாஹ்வினுடையது. தான்கிரேதி தன் தலைக்கவசத்தில் முகந்த நீரால் செய்ய நினைத்ததை, படைப்புகளில் சிறந்தவராகிய நபியாலும் செய்ய இயலாது என்கிறது குர்ஆன்.

வினாவின் இன்றைய வடிவம்

தாம்பரத்து வினா இறையியல் மண்டபத்தை விட்டு இப்போது நீதிமன்றத்திற்கும் காவல் நிலையத்திற்கும் வந்துவிட்டது. தமிழகத்தில் 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் கைவிடப்பட்டது. உத்தரப்பிரதேசத்தில் 2020இல் அவசரச் சட்டமாகவும் 2021இல் சட்டமாகவும் வந்தது, சட்டவிரோத மதமாற்றத்திற்காகவே செய்யப்பட்ட திருமணத்தைச் செல்லாததாக்குகிறது. காதலையும் ஈமானையும் நிறுத்துப் பார்த்து, எது எதற்குக் காரணம் என்று தீர்ப்பளிக்கும் உரிமையை அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. லெஸ்ஸிங்கின் நீதிபதி எதிர்காலத்திற்கு ஒத்திவைத்த தீர்ப்பை மாவட்ட ஆட்சியரின் அலுவலகம் ஓரிரு மாதங்களில் வழங்க முற்படுகிறது.

இதனை எதிர்க்கும் தார்மிக உரிமை நமக்கு வேண்டுமானால், நம் மஹல்லாவிலும் அதே நேர்மை வேண்டும். திருமணத்தின் பொருட்டு இஸ்லாத்தைத் தழுவி வருபவரின் பெயரை மாற்றுவதில் நாம் காட்டும் விரைவு, அவர் பிரிந்து வந்த பெற்றோரின் கண்ணீரை எண்ணிப் பார்ப்பதில் இருப்பதில்லை. சில ஆண்டுகளில் அவர் ஒத்தெல்லோவைப் போல, உள்ளே வந்தும் வெளியே நிற்பவராகிவிடுகிறார். காதலுக்காக மட்டுமே வந்தவர் என்னும் ஐயத்தோடு நோக்கப்படுகிறார். அபுல் ஆஸ் தம் ஈமானின் மீது விழாதிருக்கும்படி அத்துணை முயன்று காத்துக்கொண்ட ஐயம் அது.

தாம்பரத்திலிருந்து அதே இருப்புப் பாதையில் வடக்கே பறங்கிமலையின் பழைய தேவாலயமும், தெற்கே வண்டலூரில் முஸ்லிம்கள் 1984இல் தொடங்கிய கிரசென்ட் கல்வி நிறுவனமும் உள்ளன. ஒரே மின்தொடர் வண்டியில் ஏறி இறங்கும் இளைஞர்கள் ஒருவரையொருவர் நேசிக்கத்தான் செய்வர், நட்பாகவும் அண்டை அயலாகவும் சில வேளைகளில் காதலாகவும். அவர்களுக்கு இலக்கியம் கற்பிப்போர் குளோரிந்தாவின் கண்ணீரோடு நாதானின் சாம்பலையும், ஸைனபின் கழுத்துமாலையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். பிறர் ஈமானை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு அவர்களை நேசிப்பது ஈமானின் குறையன்று. ஹிதாயத் தன் கையில் இல்லை என்று அறிந்தவனின் ஈமானே அது.